கரிச்சான் ஏன் வல்லூறு போலக் கத்துகிறது? வேலூர்ப் பக்கம் பறவைகளின் விநோத நடத்தையைப் பார்க்கவும் படமெடுக்கவும்

தரையில் ஒரு தவிட்டுக்குருவி கிடக்கிறது. இறக்கை விரிந்திருக்கிறது, வால் விசிறியிருக்கிறது, அலகு திறந்தபடி தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பார்ப்பவர்கள், "ஐயோ, வெயில் தாங்காம விழுந்துடுச்சு" என்று சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கிட்டே போனதும் அது எழுந்து பறந்துவிடும். சாகவும் இல்லை, மயங்கவும் இல்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இறகுக்குள் ஒட்டியிருக்கும் பேனை விரட்ட இப்படிச் செய்கிறது என்பது பரவலான விளக்கம். மைனா, புறா, கொண்டலாத்தி எல்லாமே இதைச் செய்யும். வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால், இந்தக் காட்சியைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம்; மொட்டை மாடியே போதும்.

கேமரா புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் அரிய பறவையைத் தேடி அலைகிறார்கள். அரிய பறவையை விட, தெரிந்த பறவை செய்யும் தெரியாத காரியம்தான் நல்ல வேட்டை என்பது என் கட்சி. அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை, நின்று பார்க்கத் தெரிந்தால் போதும். அதை எப்படிப் பழகுவது என்பதுதான் இனி.

முதல் படி: ஒரு பறவை, ஓர் இடம்

எது விநோதம் என்று சொல்ல வேண்டுமானால் எது வழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். கரிச்சான் (நம் பக்கம் ரெட்டைவால் குருவி என்றால்தான் புரியும்) கரண்ட் கம்பியில் உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்து, அதே கம்பிக்குத் திரும்புவது வழக்கம். இதை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான், அது ஒரு நாள் எறும்பை அலகில் எடுத்துத் தன் இறக்கைக்கு அடியில் தேய்ப்பது உறுத்தும். பார்க்காத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே முதல் ஒரு மாதம் ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பக்கம் தினமும் வருவதாக இருக்கட்டும்: காகம், மைனா, தவிட்டுக்குருவி, சின்னான், கரிச்சான், மடையான். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் குற்றமில்லை, சொல்லப்போனால் அதுதான் நல்லது. கையில் கேமரா இருந்தால் கண் தானாகவே நல்ல வெளிச்சத்தையும் நல்ல பின்னணியையும் தேடும். பறவை என்ன செய்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடும்.

ஊர்ப் பறவையைப் பார்ப்பது ஏதோ குறைந்த வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை நிலைநாட்டிய ஆரம்பகால வேலைகளில் ஒன்று தூக்கணாங்குருவியைப் பற்றியது. மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில், வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தொங்கிய கூடுகளை 1930இல் உட்கார்ந்து பார்த்தார், 1931இல் எழுதினார். ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்தும், பெண் வந்து சோதித்துப் பிடித்தால் குடிபுகும், பிறகு ஆண் மிச்சத்தைக் கட்டி முடித்துவிட்டு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டை ஆரம்பிக்கும் என்ற கதை அந்த வேலையில்தான் தெளிவானது. பனைமரமும் கிணறும் உள்ள எந்த ஊரிலும் பார்த்திருக்கக்கூடிய விஷயம்தான். உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

இரண்டாம் படி: எங்கே நிற்பது

பாலாறுதான் முதல் இடம். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் இல்லாத ஆறு என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு அந்த மணல்தான் வீடு. ஆள்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிடும், பஞ்சுருட்டான் (தேனீ பிடித்துத் தின்னும் சிறு பறவை) கரைமண்ணில் வளை தோண்டும். வெண்மார்பு மீன்கொத்தியை மணல் நடுவே ஒரு காய்ந்த கட்டையில் பார்த்துவிட்டு, 'தண்ணீரே இல்லாத இடத்தில் இதற்கென்ன வேலை' என்று வியக்க வேண்டாம். அதற்கு மீன்தான் வேண்டும் என்றில்லை. ஓணான், வெட்டுக்கிளி, தவளை, சமயத்தில் சிறு பறவையைக்கூடப் பிடித்து, கட்டையில் மாறி மாறி அடித்து விழுங்கும்.

கோட்டை அகழி இரண்டாவது. நகரத்தின் நடுவில், சலனமில்லாத தண்ணீரோடு இருப்பதால் நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்துவதையும் மடையான் சிலைபோல நின்று குத்துவதையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அங்குள்ள பறவைகள் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை. புதியவர்களுக்கு இது பெரிய சௌகரியம். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் முக்காலி வைக்க வேண்டுமானால் முன்னதாக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பிடித்து எடுக்கும் கேமராவே அங்கே போதும்.

ஏரிகளில் காவேரிப்பாக்கம் பெரியது. பல்லவர் காலத்து ஏரி, கரை மட்டுமே மைல்கணக்கில் நீளும். இப்போது அது ராணிப்பேட்டை மாவட்டம், ஆனாலும் பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல். தூக்கணாங்குருவிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் போவதை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் பறவை இலைக்குள் இருக்கும், முழு நடத்தை கண்ணில் படாது. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும் வேண்டும்.

எந்த ஏரிக்கரையில் நின்றாலும் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, "இன்னா நைனா, இன்னா தேடுற?" என்று கேட்பார். மழுப்பாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "அந்த ஆள்காட்டி காலைலேர்ந்து கத்தினே கீது, அந்தாண்ட பாரு" என்று கை காட்டுவார். அந்த ஒரு வாக்கியம் உங்கள் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் படி: எதை எதிர்பார்ப்பது

மார்ச் முதல் ஜூன் வரை ஆற்றுப் பறவைகளின் காலம். ஆள்காட்டி தண்ணீரில் இறங்கி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டை மேல் உட்காரும். குளிப்பதற்காக இல்லை, வெந்துபோகும் முட்டையைக் குளிர்விக்க. பட்டாணி உப்புக்கொத்தி இன்னும் பெரிய நடிகர்: நீங்கள் முட்டைக்குக் கிட்டே போய்விட்டால் இறக்கை ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, உங்களைத் தன் பின்னால் வரவைக்கும். போதிய தூரம் வந்ததும் சட்டென்று பறந்துவிடும். இதைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்ததும் விழுங்காது. கம்பியில் அடித்து, பின்பக்கத்தைத் தேய்த்து, கொடுக்கையும் விஷத்தையும் நீக்கிவிட்டுத்தான் தின்னும். சில சமயம் தின்னாமல் பக்கத்தில் இருக்கும் பறவைக்கு நீட்டும். அது பெண்ணைக் கவர ஆண் தரும் சீர்.

அதே கோடையில், குயிலுக்குக் காகம் சோறூட்டும் காட்சி தொடங்கும். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், பார்த்தவர்கள் குறைவு. கறுத்த குஞ்சு ஒன்று இறக்கையைப் படபடத்துக் கெஞ்சும்போது அதன் வாயைப் பாருங்கள், வால் நீளத்தைப் பாருங்கள். சுடலைக் குயில் இதே வேலையைத் தவிட்டுக்குருவியிடம் செய்யும். ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகளின் நடுவே கொண்டை வைத்த ஒரு பெரிய 'பிள்ளை' பசியில் கத்திக்கொண்டிருந்தால் அதுதான்.

கரிச்சானுக்கு வருகிறேன். உழும் டிராக்டருக்குப் பின்னாலும் மாட்டுக்குப் பின்னாலும் இது போகும், கலைந்து எழும் பூச்சிகளுக்காக. மைனாக்கள் மேயும் இடத்தில் இது உட்கார்ந்திருந்தால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்தி மைனாக்களைப் பறக்கவிட்டு, அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்வது பதிவாகியிருக்கிறது. வல்லூறு கத்துகிறது, ஆனால் வானத்தில் வல்லூறைக் காணோம் என்றால் கம்பியைப் பாருங்கள். இது படத்தில் வராது, குரலோடு வீடியோவில்தான் வரும்.

மழைக்காலத்தில் தூக்கணாங்குருவி. பாதிக் கூட்டில் தலைகீழாகத் தொங்கி ஆண் இறக்கையடிக்கும்போது அருகில் எங்கோ ஒரு பெண் இருக்கிறது என்று அர்த்தம், கேமராவைத் தயாராக்குங்கள். கூட்டின் உள்பக்கத்தில் ஈரமண் அப்புவதையும் கவனியுங்கள்.

பனிக்காலம் சூறைக்குருவிகளுடையது, சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து ஏப்ரல் வரை இருக்கும். சாயங்காலம் அடையப் போகும் முன் கூட்டம் கூட்டமாக வானத்தில் சுருண்டு விரியும். வல்லூறோ ராஜாளியோ நெருங்கினால் கூட்டம் இறுகும். அந்த நொடிதான் படம்.

வருஷம் முழுக்க நடப்பது ஒன்று உண்டு: பைக் கண்ணாடியோடு சண்டை. தேன்சிட்டும் வெண்புருவ வாலாட்டியும் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் போட்டிக்கு வந்த ஆண் என்று நினைத்து மணிக்கணக்கில் கொத்தும். வேடிக்கையாக இருக்கும், நாலு படம் எடுங்கள். பிறகு கண்ணாடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். அதற்கு இரை தேடவும் நேரம் வேண்டாமா?

நான்காம் படி: கருவியும் கானலும்

ஜூம் நீளமான பிரிட்ஜ் கேமராவோ (லென்ஸைக் கழற்ற முடியாத வகை), 70–300 லென்ஸ் மாட்டிய சாதாரண கேமராவோ ஆரம்பத்துக்குப் போதும். அதற்கும் முன்னால் 8×42 பைனாகுலர் வாங்குங்கள் என்பேன், யாரும் கேட்க மாட்டார்கள். போனை பைனாகுலரின் கண்வில்லையில் ஒட்டி வீடியோ எடுத்தாலும் சாட்சிக்கு ஆகும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷட்டர் முன்னுரிமை முறையில் வையுங்கள். உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி, சண்டை, தீனி, குளியலுக்கு 1/1600, பறப்பதற்கு 1/2000க்கு மேல். ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) ஆட்டோவில் விடுங்கள். புள்ளிபுள்ளியாக வந்தால் பரவாயில்லை, அசைந்த படத்தைத் திருத்த முடியாது. தொடர் ஷாட் எப்போதும் இயங்கட்டும். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கேமராவின் தேதியும் நேரமும் போனோடு ஒத்துப்போகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். நடத்தைப் பதிவில் நேரம்தான் முதுகெலும்பு.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு: கானல். மலைப்பாறையும் ஆற்று மணலும் சூடேறிய பிறகு தூரத்துப் பறவையை எந்த விலை லென்ஸில் எடுத்தாலும் சொதசொதவென்றுதான் வரும். புதியவர்கள் லென்ஸில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். கோளாறு காற்றில். கோடையில் எட்டரை, ஒன்பது மணிக்குள் ஆற்று வேலையை முடித்துவிடுங்கள். அதற்கு மேலானால் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில், பறவை கிட்டே வரும் வரை காத்திருங்கள். மணலில் படுத்து எடுக்கும் பழக்கம் குளிர்காலக் காலைக்கு அருமை. மே மாதத்தில் தரையை ஒட்டித்தான் கானல் மிக மோசம்.

தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். சீமைக்கருவேலப் புதருக்குள் பார்க்காமல் காலை வைக்காதீர்கள், விரியன் இருக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் உண்டு. மழைக்குப் பிறகு அவை தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும்.

ஐந்தாம் படி: கதையாக எடுங்கள்

ஒரு நல்ல படத்தால் நடத்தையை நிரூபிக்க முடியாது. எறும்பு தேய்க்கும் மைனாவின் ஒற்றைப் படம், இறகு கோதும் மைனாவின் படம்போலத்தான் இருக்கும். நடத்தைக்கு முன், நடக்கும்போது, பின் என்று தொடர்ச்சி வேண்டும். விநோதமாக எதையாவது பார்த்ததும் முதலில் நாலைந்து படம், உடனே வீடியோவுக்கு மாறிவிடுங்கள், குறைந்தது ஒரு நிமிடம் நிறுத்தாமல். நடுவில் ஒருமுறை ஜூமைக் குறைத்துச் சுற்றுப்புறத்தையும் எடுங்கள்: எறும்புப் புற்று இருந்ததா, பக்கத்தில் வேறு பறவை இருந்ததா, பூனை இருந்ததா? பத்துக் காகமும் சின்னானும் ஒரு புளியமரத்தைச் சுற்றிக் கத்தும்போது காகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துக்கொண்டு வந்தால், பொந்தில் இருந்த புள்ளி ஆந்தை படத்தில் இருக்காது. கதையே அந்த ஆந்தைதான்.

தெளிவில்லாத படங்களை அன்றே அழிக்காதீர்கள். பத்தாவது படத்தில் மங்கலாக அலகில் தெரியும் கறுப்புப் புள்ளிதான் எறும்பாக இருக்கும்.

ஆறாம் படி: எழுதுங்கள், தீர்ப்பு சொல்லாமல்

அங்கேயே, பறவை போன மறுநிமிடமே குறிப்பு எடுங்கள். போனில் குரலாகப் பதிந்தாலும் சரி. தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, எத்தனை பறவை, ஆணா பெண்ணா குஞ்சா, எவ்வளவு நேரம் நடந்தது, எப்படி முடிந்தது, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்.

"கோபமாகத் துரத்தியது", "சோகமாக உட்கார்ந்திருந்தது" என்று எழுதாதீர்கள். "கழுத்து இறகைச் சிலிர்த்து, அலகைத் திறந்து, மூன்று முறை பாய்ந்தது" என்று எழுதுங்கள். காரணம் என்னவாக இருக்கும் என்ற உங்கள் ஊகத்தைத் தனி வரியில் போடலாம், 'ஊகம்' என்று தலைப்பிட்டு. அலகைத் திறந்து மூச்சு வாங்கும் காகத்தை நோயாளி என்று எழுதுபவர்கள் உண்டு. பறவைகளுக்கு நம்மைப்போல வியர்க்காது; தொண்டையை அசைத்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மே மாத மதியம் மூன்று மணிக்கு எடுத்தது என்ற குறிப்பு இருந்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: பின்வாங்குவது

விநோத நடத்தையில் ஒரு பங்குக்குக் காரணம் நாமேதான். ஒடிந்த இறக்கை நாடகம் உங்களுக்காக ஆடப்படுகிறது. ஆள்காட்டி தலைக்கு மேல் பாய்வது உங்களை விரட்ட. அந்த நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது. பாலாற்று மணலில், ஏப்ரலில், மூடாத முட்டைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாடகத்தைப் பார்த்ததும் வந்த தடத்திலேயே, காலடியைப் பார்த்துக்கொண்டு திரும்புங்கள். படம் எடுத்தபடி பின்தொடர்வதை நான் திறமை என்று சொல்ல மாட்டேன்.

பஞ்சுருட்டான் விஷயம் இன்னும் நுட்பமானது. மிலிந்த் வாட்வேயும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மனிதர் கண்ணுக்கு வளை தெரியும்படி நின்றால் பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்குகிறது, அதே தூரத்தில் வளை தெரியாத இடத்தில் நின்றால் அவ்வளவு தயங்குவதில்லை என்று காட்டியது. எதிரியால் எதைப் பார்க்க முடியும் என்பதை அந்தச் சின்னப் பறவை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. படமெடுப்பவருக்கு இதில் பாடம் நேரடியானது: அலகில் பூச்சியோடு ஒரு பஞ்சுருட்டான் கம்பியிலேயே உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், அது உங்களுக்கு போஸ் கொடுக்கவில்லை. உள்ளே குஞ்சு பசியோடு இருக்கிறது, நீங்கள் வழியை மறிக்கிறீர்கள். இருபதடி பின்னால் போவதைவிட, வளை தெரியாத பக்கமாக நகர்வதுதான் அதற்கு உதவி.

பொதுவான அளவுகோல் ஒன்று போதும்: பறவை தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குவது, போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிப்பது, இரை வைத்து இழுப்பது, இவை நான்கும் வேண்டாம். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

எட்டாம் படி: யாரிடம் சேர்ப்பது

பறவையின் பெயரில் சந்தேகம் இருந்தால் மெர்லின் செயலி உதவும். படத்தையும் குரலையும் வைத்துப் பெயரைப் பரிந்துரைக்கும். அது சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், கரிச்சான் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு இ-பேர்ட், பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இணையதளம். அன்று பார்த்த எல்லாப் பறவைகளையும் பட்டியலிட்டு, விநோதமாக நடந்துகொண்ட பறவைக்கு நேரே உள்ள குறிப்புப் பகுதியில் நீங்கள் எழுதியதைச் சேருங்கள். படம், வீடியோ, குரல் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலோடேயே இணைக்கலாம். குறிப்பைத் தமிழிலேயே எழுதினாலும் சரி, எழுதாமல் விடாதீர்கள்.

தனியாகத் தொடங்கக் கூச்சமாக இருந்தால் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது, பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆயிற்று. ஊருக்குப் பொங்கலுக்குப் போகும்போது களத்துமேட்டில் நின்று செய்துவிடலாம்.

ஆந்தைப் பொந்து, கூடு, கிளிகள் அடையும் மரம் ஆகியவற்றின் இடத்தை எங்கும் துல்லியமாகப் போடாதீர்கள். பார்க்க வரும் கூட்டமும் பிடிக்க வரும் ஆளும் ஒரே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். "வேலூர் மாவட்டம்" என்று போட்டால் போதும். பதிவைச் சரிபார்ப்பவர் எழுதிக் கேட்டால் அவருக்கு மட்டும் தேவையானதைச் சொல்லி, முழுத் தொடரையும் அனுப்புங்கள், மங்கலானவை உட்பட.